கையடக்க ப்ளேயருக்கு எந்த ஃபார்மட், எத்தனை பிட்ரேட்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 32 ஜிகாபைட் கார்டு போடும் சிறிய ப்ளேயர் வாங்கியிருக்கிறேன். வீட்டில் ஏறக்குறைய 200 கர்நாடக இசை சிடிக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஃப்ளாக்கில் ஏற்றலாமா, 320 எம்பி3 போதுமா? – திருச்சி வாசகர்

பதில்: முதலில் இடத்தைக் கணக்குப் போட்டுவிடுவோம். சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்து குறித்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். ஆக நொடிக்கு 1,411 கிலோபிட் (இதைத்தான் பிட்ரேட் என்கிறோம்), நிமிடத்துக்குப் பத்தரை மெகாபைட். ஃப்ளாக் எதையும் இழக்காமல் இதைப் பெரும்பாலும் 50 முதல் 60 சதவீதமாகச் சுருக்கும். ஒரு சிடி ஒரு மணி நேரம் என்றால் உங்களிடம் 12,000 நிமிடம் இருக்கிறது. ஃப்ளாக்கில் அது 65–75 ஜிகாபைட் வரும், கார்டில் ஏறாது. 320 எம்பி3 என்றால் நொடிக்கு 320 கிலோபிட், நிமிடத்துக்கு 2.4 மெகாபைட், மொத்தம் 28.8 ஜிகாபைட். ஏறிவிடும், ஆனால் இன்னும் இருபது சிடி வாங்கினால் கார்டு நிரம்பிவிடும்.

எங்கள் பரிந்துரை, எம்பி3 உருவாக்கும் மென்பொருளான லேம் என்கோடரில் வி2 என்ற மாறும் பிட்ரேட். சராசரி 190 கிலோபிட் அளவில் வரும். 200 சிடிக்கும் 17 ஜிகாபைட் போதும், கார்டில் கிட்டத்தட்ட பாதி மிச்சம். மனம் ஒப்பவில்லை என்றால் வி0 வையுங்கள், சராசரி 245 கிலோபிட், சுமார் 22 ஜிகாபைட்.

மாறும் பிட்ரேட் ஏன்? தம்புராவும் குரலும் மட்டும் ஒலிக்கும் ஆலாபனைக்கு அதிக பிட் தேவையில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தேவை எகிறும். எம்பி3 சறுக்கும் இடமே கஞ்சிரா, கடம், ஜால்ரா மாதிரி சட்டென்று எழும் ஓசைகள்தான். எம்பி3 ஒலியை 576 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகப் பார்க்கிறது, அதாவது 13 மில்லிசெகண்டு. துண்டின் நடுவில் ஒரு தட்டு விழுந்தால், சுருக்கும்போது உண்டாகும் இரைச்சல் துண்டு முழுவதும் பரவி, தட்டுக்கு முன்பே ‘ஸ்ஸ்’ என்று கேட்டுவிடும். என்கோடர் இதைத் தவிர்க்க 192 மாதிரிகள் கொண்ட சிறு துண்டுகளுக்கு மாறும். அதற்கு அதிக பிட் வேண்டும். நிலையான 128இல் அந்த பிட் கிடைப்பதில்லை, அதனால்தான் ஜால்ரா தண்ணீரில் முக்கியெடுத்ததுபோலக் கேட்கிறது. வி2இல் அந்த நொடிக்கு மட்டும் என்கோடர் 320 வரை எடுத்துக்கொள்ளும்.

வித்தியாசம் தெரிகிறதா என்று சோதிக்க, கணினியில் பாட்டுக் கேட்கும் ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் என்ற துணைக்கருவி உண்டு. எது மூலம், எது எம்பி3 என்று சொல்லாமல் பாடவிட்டு உங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும். தனி ஆவர்த்தனப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து 16 முறை கேளுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் நிஜமாகவே உங்கள் காது பிரித்தறிகிறது. அதற்குக் குறைந்தால் அது குருட்டு ஊகமாகவும் இருக்கலாம், பெரிய கோப்புக்கு இடம் ஒதுக்க அவசியமில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிடியை முதலில் ஃப்ளாக்காக எடுத்துக் கணினியின் ஹார்டு டிஸ்கில் வையுங்கள். அதிலிருந்தே ப்ளேயருக்கான எம்பி3யை உருவாக்குங்கள். நாளைக்கு வேறு ப்ளேயர், வேறு ஃபார்மட் என்று மாறினாலும் மீண்டும் 200 சிடியைச் சுழற்ற வேண்டியிருக்காது. ஃப்ளாக்கில் 0 முதல் 8 வரையுள்ள நிலைகள் தரத்தை மாற்றுவதில்லை. அளவும் சுருக்க ஆகும் நேரமும்தான் மாறும். வழக்கமான 5ஐயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நண்பரிடம் வாங்கிய 128 கிலோபிட் எம்பி3 பாடல்களை 320 ஆக மாற்றினால் தெளிவு கூடுமா? – சேலம் வாசகர்

பதில்: கூடாது, குறையும். 128இல் வெட்டியெறிந்தது திரும்பி வராது. மறுபடி சுருக்கும்போது புது இழப்பு சேரும், கோப்பும் இரண்டரை மடங்கு பெருக்கும். கிடைத்ததை அப்படியே ஏற்றுங்கள்.

இப்படி ‘ஊதப்பட்ட’ 320 கோப்புகள் நிறையப் புழங்குகின்றன. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் அலைவரிசைப் படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல நின்றால் மூலம் 128ஆக இருக்க வாய்ப்பு அதிகம். நேர்மையான 320 ஏறக்குறைய 20 வரை போகும். ஆனால் பழைய இசைத்தட்டு, கேசட் பதிவுகளில் மேல்ஸ்தாயி அலைகள் பதிவிலேயே குறைவு. அங்கே படம் படிப்படியாக மங்கும். அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: கச்சேரி சிடியில் ஆலாபனை, கிருதி, தனி என்று ட்ராக் பிரித்திருக்கிறார்கள். ப்ளேயரில் ஒவ்வொரு ட்ராக் மாறும்போதும் ஒரு வெட்டு. தம்புரா சுருதி அறுந்து மறுபடி தொடங்குகிறது. – கும்பகோணம் வாசகர்

பதில்: எம்பி3 ஒலியை 1,152 மாதிரி கொண்ட சட்டங்களாக (ஃப்ரேம்) அடுக்குகிறது. பாட்டு அந்தக் கணக்கில் சரியாக முடியாதபோது மீதியை மௌனத்தால் நிரப்பும். தொடக்கத்திலும் என்கோடர் கொஞ்சம் மௌனம் சேர்க்கும். எவ்வளவு சேர்த்தோம் என்பதை லேம் முதல் சட்டத்தில் குறித்து வைக்கிறது. ஆனால் விலை குறைந்த ப்ளேயர்கள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. ப்ளேயரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் ராக்பாக்ஸ் மென்பொருளை ஏற்ற முடிந்த ப்ளேயர் என்றால் அதை ஏற்றுங்கள், அது படிக்கும்.

இல்லாவிட்டால், ராகம் முதல் தனி வரை ஒரே கோப்பாக இணைத்துவிடுங்கள். ஃபூபாரில் அந்த ட்ராக்குகளின் ஃப்ளாக் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, கன்வர்ட் சாளரத்தில் எல்லா ட்ராக்கையும் ஒரே கோப்பாக்கும் வசதியைத் தேர்வு செய்தால் போதும். ஏற்கெனவே எம்பி3 ஆக்கியவற்றை ஒட்டாதீர்கள், மௌனமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பாடல் பெயரைத் தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாக வருகிறது. வரிசையும் தாறுமாறு. – யாழ்ப்பாண வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. கட்டங்களுக்குக் காரணம் பெரும்பாலும் ப்ளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாதது. அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை. எழுத்துரு இருந்தும் குப்பையாக வந்தால் டேக் (கோப்புக்குள் பாடல் பெயர் முதலியவை எழுதியிருக்கும் குறிப்பு) வகையைப் பாருங்கள். எம்பி3டேக் மென்பொருளின் ஆப்ஷன்ஸில் எழுதும் வகையை ஐடி3வி2.3, யூடிஎஃப்-16 என்று வைத்து மறுபடி சேமித்தால் பெரும்பாலும் சரியாகும். சில ப்ளேயர்கள் எழுத்தைக் காட்டினாலும் ஒற்றைக்கொம்பை முன்னால் போடத் தெரியாமல் ‘கெ’ என்பதை ககரத்துக்குப் பின்னால் கொம்பு வைத்துக் காட்டும். அப்படியானால் ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதே வசதி.

வரிசைக் கோளாறு: சாதாரண ப்ளேயர் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அப்படியே பாடும். கோப்புப் பெயரின் முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கமாகப் போடுங்கள். ஒற்றை இலக்கமாக விட்டால், பெயர் வரிசையைப் பார்க்கும் பல ப்ளேயர்களில் 2க்கு முன் 10 வரும். பிறகு ஃபோல்டரைக் காலி செய்து, அந்த வரிசையிலேயே மறுபடி நகலெடுங்கள். லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற கருவி கார்டில் உள்ளபடியே வரிசையைத் திருத்தித் தரும்.

கேள்வி: அப்பாவின் கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். எந்த பிட்ரேட்? – மதுரை வாசகர்

பதில்: பிட்ரேட்டுக்கு முன்னால் டெக்கைக் கவனியுங்கள், தரம் அங்கேதான் தீர்மானமாகிறது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும், அதுதான் அசிமுத். அது நகர்ந்திருந்தால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாகக் கேட்கும். இரண்டு சேனலையும் கலந்து மோனோவில் கேட்டபடி மிக மெதுவாகத் திருப்புங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள்.

லைன்-அவுட்டிலிருந்து கணினியின் லைன்-இன்னுக்கு வயர் போடுங்கள். மைக் துளையில் செருகினால் ஒலி பிளந்து கேட்கும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதியுங்கள். பதிந்ததை ஃப்ளாக்காகச் சேமியுங்கள். டேப் இரைச்சல் சீரற்றது, எளிதில் சுருங்காது. அதனால் கேசட்டின் ஃப்ளாக் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் திகைக்க வேண்டாம். மோனோ பதிவு என்றால் மோனோவாகவே மாற்றுங்கள், இரைச்சலும் கொஞ்சம் அடங்கும். ப்ளேயர் நகலுக்கு லேமில் வி2ஐவிடச் சிறிய கோப்பு தரும் வி4 தாராளம்.

கேள்வி: ஒரு பாட்டு கத்துகிறது, அடுத்தது முனகுகிறது. – கோவை வாசகர்

பதில்: எம்பி3கெயின் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். கோப்பை மறுபடி சுருக்காமல் அதிலுள்ள ஒலி அளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபெல் படிகளில் மாற்றும். அதில் இயல்பாக இருக்கும் 89 டெசிபெல் இலக்கை அப்படியே விடுங்கள். கச்சேரி ஆல்பங்களுக்கு, ஆல்பம் முழுவதையும் ஒரே அளவில் கூட்டிக் குறைக்கும் ஆல்பம் கெயினைப் பயன்படுத்துங்கள். ட்ராக் கெயின் போட்டால் மெல்லிய ஆலாபனையும் தனியும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: 64 ஜிகாபைட் கார்டு போட்டேன், ப்ளேயருக்குத் தெரியவில்லை. – சிங்கப்பூர் வாசகர்

பதில்: 64 முதல் மேலே உள்ள கார்டுகள், கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வருகின்றன. பழைய ப்ளேயர்களுக்கு ஃபேட்32 மட்டுமே தெரியும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் நெடுங்காலமாக 32க்கு மேல் ஃபேட்32 தந்ததில்லை. ரூஃபஸ் போன்ற கருவியால் ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து பாருங்கள், பல ப்ளேயர்கள் ஏற்றுக்கொள்ளும். ஃபார்மட் செய்தால் கார்டில் உள்ளது அழிந்துவிடும்.

பாட்டு ஏற்றும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ கருவியால் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 64 என்று அச்சிட்டு உள்ளே 8 மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. அவற்றில் ஏற்றும்போது பிழையே காட்டாது. முதல் ஆயிரம் பாட்டு ஒழுங்காகப் பாடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் துள்ளும் அல்லது மௌனம். சோதனையில் பிழை வந்தால் ரசீதோடு கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது சரியாகாது.