வேறு நாட்டிலிருந்து குடியேறி, போன இடத்தில் மாணவர் கொயரை (சேர்ந்து பாடும் குழுவை) உருவாக்கியவர்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

எஃப். மீலியஸ் கிறிஸ்டியான்சன். யோசிக்காமல் சொல்லிவிடுவேன்.

நான் பல்கலைக்கழகக் கொயரில் டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல், பாடியவன். முதல் வருட ஒத்திகை ஒன்றில் இயக்குநர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பக்கத்துல நிக்கிறவன் குரல் உனக்குக் கேக்குதா?" கேட்கவில்லை. என் குரல்தான் காதை அடைத்துக்கொண்டிருந்தது. "அவன் குரல் கேக்கிற அளவுக்கு உன்னோடதைக் குறை" என்றார். அன்று எனக்கு ரொம்ப வலித்தது. பிறகு, இப்படிக் கேட்டுக் கேட்டுப் பாடும் முறையைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் கிறிஸ்டியான்சனிடம் வந்து சேர்ந்தேன்.

1871-இல் நார்வேயில் பிறந்தார். 1888-இல், 17 வயதில் அமெரிக்கா வந்தார். வயலின் கலைஞர், இடையில் ஜெர்மனியின் லைப்சிக் போய்ப் படித்துத் திரும்பினார். 1903-இல் மினசோட்டா மாநிலம் நார்த்ஃபீல்டில் செயின்ட் ஓலாஃப் கல்லூரியின் இசைப் பொறுப்பை ஏற்றார். நார்வேயிலிருந்து வந்த லுத்தரன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு) குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1874-இல் தொடங்கிய இடம் அது. ஆலயத்தில் நாலு குரலில் பாடுவது அந்த மக்களுக்குப் புதிதில்லை. அந்தப் பழக்கத்தை எடுத்து உச்சத்துக்குக் கொண்டுபோனதுதான் அவர் செய்தது.

1912-இல் உள்ளூர் ஆலயக் கொயர், செயின்ட் ஓலாஃப் கொயர் ஆனது. மறு வருடமே நார்வேக்குக் கூட்டிப்போனார். 1920-இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடவைத்தார். வாத்தியம் கிடையாது, கையில் இசைக் குறிப்புத் தாளும் கிடையாது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மோட்டெட் (பல குரல்கள் பின்னிப் பாடும் கிறிஸ்தவப் பாடல்) மாதிரி சிக்கலானதைக்கூட மாணவர்கள் மனப்பாடமாகப் பாடினார்கள்.

அவர் தேடியது அலையாத, நேரான குரல். எவ்வளவு நல்ல குரலானாலும் கூட்டத்தோடு கரையவில்லை என்றால் அவருக்கு அது உதவாது. இது தனிக்குரல்களை அமுக்கிவிடுகிறது என்று அப்போதே எதிர்ப்பு உண்டு. அமெரிக்கக் கொயர் உலகில் வெஸ்ட்மின்ஸ்டர் கொயர் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆபரா எனும் இசை நாடகத்தில் தனியாகப் பாட நினைக்கிற பிள்ளைக்கு இந்தப் பயிற்சி கஷ்டம்தான். ஆனால் 50 பேர் ஒரே மூச்சாக ஒலிப்பதை ஒருமுறை நடுவில் நின்று அனுபவித்தவன் நான். என் ஓட்டு கிறிஸ்டியான்சனுக்கே.

மகன் ஓலாஃப் அதே கொயரைத் தொடர்ந்து 1968 வரை நடத்தினார். இன்னொரு மகன் பால், அதே மாநிலத்தின் மூர்ஹெட் நகரில் கன்கார்டியா கல்லூரிக் கொயரை 1937 முதல் 1986 வரை கையில் வைத்திருந்தார். அப்பாவிடம் பாடியவர்களும் பயின்றவர்களும் பள்ளி பள்ளியாக, ஆலயம் ஆலயமாக அந்த ஒலியைக் கொண்டுபோனார்கள். கிறிஸ்டியான்சன் 1955-இல் மறைந்தார்.

கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அவர் இசைக்கோர்வை செய்த 'பியூட்டிஃபுல் சேவியர்' போதும். மத்திய ஐரோப்பாவின் சைலீசியா பகுதியின் பழைய மெட்டு. முதலில் வெறும் ஹம்மிங், வாயை மூடி முனகும் ஒலி. அதன்மேல் ஒரு ஆல்ட்டோவின் (பெண்களின் தாழ்ந்த குரலில் பாடுபவரின்) தனிக்குரல். கடைசிச் சரணத்தில்தான் மொத்தக் கொயரும் வார்த்தையோடு எழும். அந்த ஹம்மிங்கில் ஒரே ஒரு டெனரையாவது தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறதா என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். இதுவரை முடியவில்லை.