கையைக் கட்டி நின்ற டிரம்மர்

அன்புள்ள ஐயா,

எனக்கு 49 வயது. 1990களில் கோவையில் பொறியியல் படித்தேன். விடுதியில் என் அறைத்தோழனுக்கு ஹார்ட் ராக் என்ற முரட்டு இசை என்றால் உயிர். அவனுடைய கேசட்டுகள் வழியாகத்தான் மெட்டாலிகா, ஓஸி ஆஸ்போர்ன், கிஸ் எல்லாம் எனக்கு அறிமுகம். அப்போது எங்களுக்கு வேகமான பாட்டுதான் பாட்டு. நடுவில் மெதுவான பாட்டு ஒன்று வந்தால் ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.

போன மாதம் கோவையிலிருந்து இரவில் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கும் என் மகன் தன் போனிலிருந்து பாட்டு போட்டுக்கொண்டு வந்தான். மெட்டாலிகாவின் மெதுவான பாட்டு 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' ஆரம்பித்தது. அதற்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். மகன் பயந்துபோனான்.

அந்த அறைத்தோழனிடமே இதைப் போனில் சொன்னேன். "அந்த மாதிரிப் பாட்டெல்லாம் ரேடியோவில் விற்பதற்காகப் பண்ணினது. நீ அழுதது பாட்டுக்காக இல்லை, உன் இருபது வயதுக்காக. அந்த நேரத்தில் பழைய சோப்பு விளம்பரப் பாட்டு வந்திருந்தாலும் அழுதிருப்பாய்" என்றான். அவன் சொல்வது சரிதானோ என்று தோன்றுகிறது. வெட்கமாகவும் இருக்கிறது. உங்களிடம் கேட்கவேண்டும் போலிருந்தது.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

வண்டியை ஓரம் கட்டினீர்களே, அது நல்ல காரியம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதற்காக உங்கள் நண்பர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். பாட்டு வியாபாரத்துக்காகச் செய்தது, அழுகை இளமைக்காக வந்தது என்று இரண்டு விஷயம் சொல்கிறார். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை அவருக்கு முன்பே பெரிய ஆள் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

கடந்த காலத்தை நினைத்து ஏங்கும் நாஸ்டால்ஜியா என்பதைத் தமிழில் நனவிடை தோய்தல் என்கிறோம். கேட்கும்போதே ஆற்றில் முங்கிக் குளிப்பது போலச் சுகமாக இருக்கிறது. ஆனால் நாஸ்டால்ஜியா பிறந்தபோது அது ஒரு நோயின் பெயர். 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் உருவாக்கிய சொல் அது. வீடு திரும்புவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்துக் கட்டினார். ஊரைவிட்டு வந்தவர்கள் ஊர் நினைப்பிலேயே இளைத்து, காய்ச்சல் கண்டு, படுத்த படுக்கையாகிவிடுவதைப் பற்றி எழுதினார். பிறகு அது சுவிஸ் கூலிப்படை வீரர்களின் நோய் என்றே பேர் வாங்கிவிட்டது. அன்னிய மன்னர்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு சண்டை போடப் போனவர்கள் அவர்கள்.

தத்துவ அறிஞர் ரூசோ 1768ஆம் ஆண்டின் தன் இசை அகராதியில் அவர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். சுவிட்சர்லாந்தில் மாடு மேய்ப்பவர்கள் வாசிக்கும் ஒரு மெட்டைப் படைக்குள் வாசித்தால் மரண தண்டனை என்று தடை போட்டிருந்தார்களாம். அதைக் கேட்ட வீரர்கள் அழுதார்கள், படையைவிட்டு ஓடினார்கள், சிலர் செத்தும் போனார்கள். அந்த மெட்டில் தனியாக ஒரு மகிமையும் இல்லை என்கிறார் ரூசோ. அங்கே அது இசையாக வேலை செய்யவில்லை, நினைவின் அடையாளமாக வேலை செய்தது. உங்கள் நண்பரின் சோப்பு விளம்பரமும் இதுதான்.

இதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்வேன். அன்றைக்கு அந்தப் பாட்டை ஆரம்பித்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மகன். அவனுக்கு விடுதி இல்லை, கேசட் இல்லை, 1990கள் இல்லை. அவனாகத் தேடி எடுத்துத் தன் பட்டியலில் வைத்திருக்கிறான். நினைவு மட்டுமே காரணம் என்றால் அவன் ஏன் அதைக் கேட்கிறான்?

முரட்டு இசைக்காரர்களின் மென்மையான பாட்டில் வேறு ஏதோ இருக்கிறது. ரொம்ப நாள் எனக்கும் அது பிடிபடவில்லை. பிளாக் சபாத்தின் 'சேஞ்சஸ்' வழியாகத்தான் புரிந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளாக் சபாத்தின் நான்கு பேரும் இங்கிலாந்தில் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள், தொழிற்சாலைப் பிள்ளைகள். கிடார்க்காரர் டோனி அயோமிக்கு 17 வயதில், தகடு வெட்டும் ஆலையில் வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர். கம்பியை அழுத்திப் பிடிக்க வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், கம்பிகளைத் தளர்த்திக்கொண்டார். உலகம் ஹெவி மெட்டல் என்று அழைக்கும் அந்தக் கனத்த சத்தத்துக்குப் பின்னால் அந்த விபத்தும் இருக்கிறது.

1972இல் நாலாவது ஆல்பத்துக்காக லாஸ் ஏஞ்சலஸ் போனார்கள். ஒரு பெரிய மாளிகையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். அங்கே ஒரு பியானோ இருந்தது. அயோமி பியானோ படித்தவர் இல்லை. தானாகத் தட்டித் தட்டிப் பழகியதில் ஒரு சின்ன மெட்டு கிடைத்தது. அந்த நேரத்தில் டிரம்மர் பில் வார்டின் மணவாழ்க்கை உடைந்துகொண்டிருந்தது. பாஸ் கிடார் வாசிக்கும் கீஸர் பட்லர் அதைப் பாட்டாக எழுதினார், குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் பாடினார். போய்விட்டாள், தவறு என்னுடையது, என் வாழ்க்கையே மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு மேல் வரிகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. கவிதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பதிவில் பியானோ இருக்கிறது, மெல்லோட்ரான் என்ற கீபோர்டில் வயலின் மாதிரி ஒரு ஒலி இருக்கிறது, பாஸ் இருக்கிறது. கிடார் கிடையாது. டிரம்ஸ் கிடையாது. யாருடைய துக்கமோ அவர் அந்தப் பாட்டில் வாசிக்கவே இல்லை. நண்பர்கள் மூன்று பேர் அவருக்காகப் பாடி முடிக்கிறார்கள், அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் ஓடியாடி எல்லா வேலையும் பார்ப்பார்கள், இழந்தவன் மட்டும் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பான், பார்த்திருப்பீர்கள். அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இதைக் கவனித்த பிறகு மற்றப் பாட்டுகளையும் திரும்பக் கேட்டேன். பல இடங்களில் யாரோ ஒருவர் ஒதுங்கி நிற்கிறார். 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பதிவில் மெட்டாலிகாவின் முதன்மைக் கிடார்க்காரர் கிர்க் ஹாமெட் வாசிக்கவில்லை. முடிவில் வரும் தனிக் கிடார்கூட பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் வாசித்ததுதான். அவர் காதலியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்த மெட்டு அது. ஒரு கையில் போன், இன்னொரு கை சும்மா கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டின் ஆரம்பத்தை இன்னொரு தடவை கேளுங்கள், அழுத்திப் பிடிக்காத வெறும் கம்பிகள்தான் ஒலிக்கும். இடது கைக்கு வேலையே இல்லை. குழுவுக்குக் காட்டும் எண்ணம்கூட அவருக்கு முதலில் இல்லை, தனக்காக வைத்திருந்தார். நீங்கள் வண்டியை நிறுத்தியது அந்த ஒற்றைக் கைக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கிஸ் குழுவின் 'பெத்' 1976இல் வந்தது. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, மேடையில் நெருப்பு கக்கிய குழு. அந்தப் பாட்டில் டிரம்மர் பீட்டர் கிறிஸ் குச்சிகளை வைத்துவிட்டு வாத்தியக்குழுவோடு பாடுகிறார், மற்ற மூன்று பேரும் பதிவிலேயே இல்லை. எக்ஸ்ட்ரீம் குழுவின் 'மோர் தேன் வேர்ட்ஸ்' வீடியோவில் இது கண்ணுக்கே தெரியும். பாஸ் வாசிப்பவர் தன் ஒலிபெருக்கியை அணைக்கிறார், டிரம்மர் குச்சிகளைக் கீழே வைக்கிறார், அதன்பிறகுதான் ஒரு கிடாரும் இரண்டு குரலும் ஆரம்பிக்கின்றன.

மென்மையாகவே பாடிப் பழகியவர் ஒரு மென்மையான பாட்டைப் பாடும்போது அவர் எதையும் கீழே வைக்க வேண்டியதில்லை. இவர்கள் வைக்கிறார்கள். அந்தக் குழுவின் சத்தத்தை அறிந்தவர்களுக்கு, சத்தம் இல்லாத இடமும் காதில் விழுகிறது. வீட்டில் அதட்டிக்கொண்டே இருக்கும் அப்பா ஒருநாள் தாழ்ந்த குரலில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறதே, அது எதனால்? அத்தனை வருட அதட்டலும் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நிற்கிறது.

வியாபாரம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். உண்மைதான், நடந்தது. 'பெத்' முதலில் இன்னொரு பாட்டின் பின்பக்கத்தில்தான் வந்தது. வானொலிக்காரர்கள் இசைத்தட்டைத் திருப்பிப் போட்டார்கள், அமெரிக்கப் பட்டியலில் ஏழாவது இடம் வரை போனது. அமெரிக்காவில் அந்தக் குழுவின் எந்தத் தனிப்பாட்டும் அதைவிட மேலே போனதில்லை. கம்பெனிகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. 1980களின் கடைசியில் ஆல்பத்துக்கு ஒரு பேலட், அதாவது மென்பாட்டு, என்பது கிட்டத்தட்ட விதியாகவே ஆகிவிட்டது. அமைதியாக ஆரம்பி, பாதியில் டிரம்ஸை இறக்கு, கடைசியில் எல்லோரும் லைட்டரைத் தூக்கட்டும். 1970இல் தொடங்கிய ஏரோஸ்மித் குழுவுக்கு அமெரிக்காவில் முதலிடம் கிடைக்க 1998 வரை ஆனது. கிடைத்தபோது அது டயான் வாரன் என்ற வெளியாள் எழுதிய மென்பாட்டு. நன்றாகச் செய்யப்பட்ட பாட்டு, ஆனால் என்னை அது தொடவில்லை. எதையும் கீழே வைக்காமல் பாடிய பாட்டாகவே எனக்குக் கேட்கிறது.

ஆனால் காசு வந்தது என்பதாலேயே ஒரு பாட்டு பொய்யாகிவிடாது. மோட்டார்ஹெட் குழுவின் லெம்மியை எடுத்துக்கொள்ளுங்கள். கரகரத்த தொண்டைக்கும் காது கிழியும் சத்தத்துக்கும் பேர்போன மனிதர். 1991இல் ஓஸியின் ஆல்பத்துக்கு நான்கு பாட்டுகளுக்கு வரிகள் எழுதிக் கொடுத்தார். மோட்டார்ஹெட்டில் பதினைந்து வருடம் உழைத்துச் சம்பாதித்ததைவிட அதில் அதிகம் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த நான்கில் ஒன்று 'மாமா, ஐ'ம் கமிங் ஹோம்'. சுற்றுப்பயணம் முடிகிற நேரத்தில் ஓஸி தன் மனைவி ஷேரனிடம் போனில் சொல்லிவந்த வாக்கியம் அது. அதே 1991இல் லெம்மி தன் குழுவுக்காக '1916' என்ற பாட்டைப் பாடினார். கிடார் இல்லை, பெரும்பாலும் ஆர்கனும் செல்லோவும்தான். பதினாறு வயதில் முதல் உலகப் போருக்குப் போன ஒரு பையனின் குரலில் பாடுகிறார். பக்கத்தில் குண்டடிபட்டு விழும் நண்பன் ரத்தம் கக்கியபடி அம்மாவைக் கூப்பிடுகிறான். ஒரு பாட்டு பணத்தைக் கொட்டியது, இன்னொன்று அப்படியில்லை. இரண்டையும் எழுதியது ஒரே மனம்தான். இரண்டிலும் இருப்பது அந்த சுவிஸ் வீரர்களின் நோய்.

அந்த நோய் கண்டவர்கள் யாரென்று மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆயுதம் பிடித்துக் காய்த்துப்போன கைகள். அவர்கள் கேட்டு அழுதது மாட்டிடையர்களின் மெட்டு.

'சேஞ்சஸ்' பாட்டுக்குத் திரும்புகிறேன். 2003இல் ஓஸி அதைத் தன் மகள் கெல்லியோடு சேர்ந்து பாடினார். வரிகளை மாற்றியிருந்தார்கள். கணவன் மனைவி பிரிவு போய், வளர்ந்துவிட்ட மகளும் அப்பாவும் ஆயிற்று. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பிறகு 2025 ஜூலை 5. ஆஸ்டனில், ஓஸி வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில் கடைசிக் கச்சேரி. இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தேன். பார்க்கின்சன் நோயால் ஓஸியால் நிற்க முடியவில்லை, கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். 'மாமா, ஐ'ம் கமிங் ஹோம்' பாடும்போது குரல் உடைந்தது. கூட்டம் அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனது.

அதற்குச் சில மணி நேரம் முன்னால் 'சேஞ்சஸ்' பாடப்பட்டது. பாடியது யங்பிளட் என்ற இளைஞர். 1997இல் பிறந்தவர், பாட்டைவிட 25 வருடம் இளையவர். கிடாரில் நின்றது எக்ஸ்ட்ரீமின் நூனோ பெட்டன்கோர்ட், 'மோர் தேன் வேர்ட்ஸ்' வாசித்த அதே கை. இரண்டு நாள் முன்பு விபத்தில் இறந்த கால்பந்து வீரர் டியோகோ ஜோட்டாவுக்கு அந்தப் பாட்டைக் காணிக்கை ஆக்கினார் யங்பிளட். ஒரு டிரம்மரின் உடைந்த மணவாழ்க்கைக்காக எழுதிய வரிகள் அன்று யார் யாருக்கோ பொருந்தின. 17 நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஓஸி போய்விட்டார். அவருக்கு 76 வயது. இன்று அந்தப் பாட்டைக் கேட்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

ரூசோவிடம் நான் வேறுபடுவது இங்கேதான். நினைவு கேட்பவரிடம் மட்டும் இல்லை, பாட்டிலும் ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் இருபது வயதும் அதில் இருக்கிறது, அதற்காக அழுதால் தப்பில்லை. உங்கள் மகன் தன் பங்கை இப்போதுதான் அதில் வைக்க ஆரம்பித்திருக்கிறான். அப்பா ஒருநாள் ராத்திரி ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அழுதார் என்பதும் இனி அவனுக்கு அந்தப் பாட்டோடு சேர்ந்துவிட்டது.

ஒன்று செய்து பாருங்கள். 'சேஞ்சஸ்' பிளாக் சபாத்தின் அந்த நாலாவது ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு. அதைத் தனியாக எடுத்துப் போடாதீர்கள். முதல் இரண்டு பாட்டையும் நல்ல சத்தமாக, பில் வார்டின் டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கிற அளவுக்கு வைத்துக் கேளுங்கள். மூன்றாவது ஆரம்பிக்கும்போது சத்தத்தைக் குறைக்காதீர்கள். பையனையும் கூட உட்கார வையுங்கள். அந்த நண்பரையும் ஒருநாள் ஈரோட்டுக்கு வரச் சொல்லுங்கள். கேசட்டுகளை இன்னும் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.