காய்ச்சல் போயிற்று, கவனம் திரும்பவில்லையே!

அன்புள்ள மேடம்,

எனக்கு 44 வயது. கூட்டுறவு வங்கி ஒன்றில் கேஷியர். போன வருஷம் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு இல்லை. ஒரு வாரத்தில் வேலைக்கும் போய்விட்டேன். அதற்கப்புறம்தான் தொல்லையே. நோட்டு எண்ணும்போது யாராவது 'மேடம், பாஸ்புக்' என்று கூப்பிட்டால் போதும், எண்ணிக்கை நழுவிவிடும். போனில் வந்த ஓ.டி.பி.யைப் பார்த்துவிட்டுத் திரையை மாற்றுவதற்குள் கடைசி மூன்று எண் மறந்துபோகிறது. சாம்பாரில் உப்பு போட்டேனா இல்லையா என்று அடுப்பு முன்னால் விழித்துக்கொண்டு நிற்கிறேன். சாயங்காலமானால் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெம்பில்லை. கேஷ் குறைந்து, யாருக்கும் சொல்லாமல் கைக்காசைப் போட்டுக் கட்டியதும் உண்டு.

கணவரோ, 'எதுக்கெடுத்தாலும் கொரோனா மேல பழி போடாதே, உனக்கு வேலையில மனசு இல்ல' என்கிறார். என் அப்பா கடைசிக் காலத்தில் எங்களையே அடையாளம் தெரியாமல் போய்ச் சேர்ந்தார். எனக்கும் அதுதானா? வேலையை விட்டுவிடட்டுமா?

- பெயர் வேண்டாம், கும்பகோணம்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது அப்பாவுக்கு வந்த நோய் போல எனக்குத் தெரியவில்லை. அந்த நோயில் பெரும்பாலும் நடந்ததே மனதில் பதியாது. மறப்பதை வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். நீங்களோ எந்தக் குரலில் எண்ணிக்கை நழுவியது என்பது வரை சொல்கிறீர்கள். ஆட்டம் கண்டிருப்பது கவனமும், ஒரு விஷயத்தைச் சில நொடிகள் மனதில் பிடித்து வைக்கும் திறனும்தான். நோட்டு, ஓ.டி.பி., உப்பு மூன்றிலும் நடப்பது அதுவே.

இனி வரும் வரிகளைக் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் பாதிப்பை உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தபோது, களைப்பு, மூச்சுத்திணறலோடு இந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்தது. நோய் லேசாக வந்துபோனவர்களுக்கும் இது வருகிறது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் ஞாபகத்தையும் யோசிக்கும் திறனையும் சோதித்து 2024இல் வெளியான ஆய்வில், தொல்லை தீராதவர்களின் மதிப்பெண் குறைந்திருந்தது. நெடுநாள் அவதிப்பட்டுப் பிறகு தேறியவர்களின் மதிப்பெண்ணோ, சீக்கிரம் குணமானவர்களுடையதை ஒட்டியே இருந்தது. இதை நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் கொரோனா கணக்கில் எழுதிவிடவும் கூடாது. தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை இவற்றைப் பரிசோதித்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். தூக்கக் குறைவு, மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கப்போகும் பருவம் இவையும் இதே தொல்லையைத் தரும். ஞாபகசக்தி டானிக், லேகியம் என்று காசைக் கொட்டாதீர்கள். கொரோனாவுக்குப் பின் வரும் இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கும் என்று நிரூபணமான மாத்திரை இன்னும் இல்லை. திடீரென்று பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் கைகால் மரத்தாலோ மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

காலையில் உடம்பில் இருக்கும் தெம்பைக் கேஷ் பெட்டியின் இருப்பு மாதிரி நினைத்துச் செலவழியுங்கள். கணக்கு வேலையை முற்பகலில் முடியுங்கள். நடுவில் கொஞ்ச நேரம் போனையும் வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்காருங்கள். ஒரு நாள் இழுத்துப்போட்டுச் செய்து மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். 'நல்லா நடந்தா எல்லாம் சரியாயிடும்' என்று விரட்டுபவர்கள் பேச்சை அப்போது கேட்க வேண்டாம். நோட்டை 25, 25ஆகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போடுங்கள். யார் கூப்பிட்டாலும் கோடு போட்ட பிறகு நிமிருங்கள். ஓ.டி.பி.யை வாய்விட்டுச் சொல்லுங்கள். சமைக்கத் தொடங்கும் முன்பே உப்பை அளந்து சின்னக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். கிண்ணம் காலி என்றால் போட்டாயிற்று. பையனின் கணக்குப் பாடத்தை அவன் அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.

வேலையை விடும் முடிவு இப்போது வேண்டவே வேண்டாம். களைத்த மனம் எடுக்கும் முடிவு அது. கைக்காசு போட்டு மறைப்பதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று நினைக்கிறேன். மருத்துவரின் சான்றோடு மேலாளரிடம் உள்ளதைச் சொல்லி, சில மாதத்துக்குக் கேஷ் கவுன்டர் தவிர வேறு இருக்கை கேளுங்கள். அவர் மறுத்தால் எழுத்தில் கொடுத்து, மேலதிகாரிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.