சென்சாரை ஆஃப் பண்ணச் சொன்னால் சூப்பர்வைசர் என்ன செய்வது?

கேள்வி: வியாசர்பாடியில் தகட்டை அடித்து வடிவமாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 50 டன் நியூமேடிக் கிளட்ச் பிரஸ் இரண்டு, பழைய கீ கிளட்ச் பிரஸ் மூன்று. டூவீலர் பிராக்கெட் ஜாப் ஒர்க், ஸ்ட்ரோக்குக்கு, அதாவது ஒரு அடிக்கு, 80 பைசா. நியூமேடிக் பிரஸ்ஸில் ஒளிக்கதிரைக் கை மறித்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் உண்டு. அதைப் போட்டு ஓட்டினால் மணிக்கு 420 பீஸ், ஆஃப் பண்ணினால் 560. மாசக் கடைசியில் டிஸ்பேட்ச் நெருக்கினால் ஓனர் “பைபாஸ்ல ஓட்டு” என்கிறார். பைபாஸ் சாவி என்னிடம்தான். செக் ஷீட்டில் ‘சென்சார் ஓகே’ என்று கையெழுத்துப் போடுவதும் நான்தான். அவர் கெட்டவர் இல்லை. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், என் தங்கை கல்யாணத்துக்குக் கைகொடுத்தவர். ஆர்டர் போனால் 12 பேருக்கு வேலை போகும் என்கிறார். நியாயம் எந்தப் பக்கம்?
— பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: உங்கள் ஓனர் சொல்லும் நஷ்டம் நிஜம்தான். மணிக்கு 140 பீஸ் என்றால் எட்டு மணி நேர ஷிப்டில் 1,120 ஸ்ட்ரோக். 80 பைசா வீதம் ஒரு பிரஸ்ஸுக்கு நாளைக்கு 896 ரூபாய். சின்ன ஷாப்புக்கு இது சில்லறைக் காசில்லை. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 420 பீஸிலேயே அதே வரவு வர வேண்டுமென்றால் ரேட் 1 ரூபாய் 7 பைசா ஆக வேண்டும். சண்டை மொத்தமும் ஸ்ட்ரோக்குக்கு 27 பைசாவுக்குத்தான். அதைக் கஸ்டமர் தரவில்லை, ஓனரும் விடவில்லை. பிரஸ் முன்னால் நிற்கும் பையன் தன் கையை வைத்து ஈடுகட்டுகிறான், அதுவும் அவனைக் கேட்காமலே. நியாயம் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிகிறது.

அந்தக் கைக்குச் சட்டத்தில் என்ன கணக்கு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் வகுத்திருந்த அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. கட்டைவிரலுக்கு 30, ஒரு கையின் நாலு விரலுக்கும் சேர்த்து 50. 18,000 ரூபாய் சம்பளக்காரர் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-யில் இருந்தால், சம்பளத்தில் 90 சதவீதம், அதில் 14 சதவீதம் என்று ஆள்காட்டி விரலுக்கு மாதம் சுமார் 2,268 ரூபாய் வரும். அதற்கும் அவர் பெயர் இஎஸ்ஐ-யில் ஏறியிருக்க வேண்டும். ஏஜென்சி மூலம் வந்த வடமாநிலப் பையன்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். விபத்து நடந்த பிறகு பழைய தேதி போட்டுப் பெயர் ஏற்றுவதற்குப் பெயர் உதவி இல்லை, மோசடி.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. யார் அனுமதியும் இல்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ‘ஓகே’ என்று கையெழுத்துப் போடுவதை நிறுத்துங்கள். பைபாஸில் ஓடினால் “பைபாஸ், மாலை 4.10 முதல் 6.30 வரை, ஓனர் சொன்னபடி” என்று எழுதுங்கள். இது மிரட்டலுக்காக இல்லை. இப்போது முடிவு அவருடையது, பழி உங்களுடையது, காயம் மூன்றாவது ஆளுடையது. எழுத ஆரம்பித்தால் முடிவும் பழியும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும். பல ஓனர்கள் அந்த வரியைப் படித்த பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள்.

“இந்த ஒரு லாட் மட்டும்தானே” என்பார். போபாலில் 1984-ல் விஷவாயு கசிந்தபோது அந்தத் தொட்டிக்கான குளிரூட்டும் கருவி மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் ரிப்பேருக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு ஒரு காரணம் இருந்தது. தற்காலிகம் என்று சொல்லும்போது முடியும் தேதியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, 140 பீஸ் ஏன் குறைகிறது? மூன்று ஷிப்டுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். சென்சார் எப்போது நிறுத்தியது, அந்த நேரத்தில் கை எங்கே இருந்தது, இந்த இரண்டும் போதும். பெரும்பாலும் காரணம் இதில் ஒன்றாக இருக்கும்: சென்சார் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், அதிர்வில் சென்சாரைத் தாங்கும் பிராக்கெட் லூசாகி அலைன்மென்ட் தப்புவது, பிளாங்க் (அடிக்க வேண்டிய தகட்டுத் துண்டு) அடுக்கை எட்டி எடுக்கும்போது முழங்கை கதிரை வெட்டுவது. ஷிப்ட் தொடக்கத்தில் மெல்லிய துணியால் துடையுங்கள், தின்னர் வேண்டாம், முகப்பு மங்கிவிடும். பிராக்கெட் போல்ட்டுக்கு லாக் நட் போடுங்கள். பிளாங்க் அடுக்கைக் கதிருக்கு வெளியே, இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். டையில் (அச்சில்) பிளாங்க் சரியான இடத்தில் உட்கார லொகேட்டிங் பின் வைத்து, பிளாங்க்கைச் சரிவுத் தட்டில் தள்ளிவிட்டு, முடிந்த பீஸைக் காற்றடித்து வெளியேற்றினால் கை டைக்குள் போகவே வேண்டாம். இழந்த பீஸில் கணிசமான பங்கு திரும்பி வரும். மிச்சத்துக்குத்தான் ரேட் கேட்க வேண்டும்.

சென்சார் விளக்கு எரிகிறது என்பதற்காகவும் நிம்மதியாக இருக்காதீர்கள். கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும் என்பது கணக்குப் போட எடுத்துக்கொள்ளும் அளவு. பிரஸ் நிற்க 0.2 நொடி ஆனால் சென்சார் டையிலிருந்து குறைந்தது 400 மி.மீ தள்ளி இருக்க வேண்டும். உங்களுடையது 200-ல் இருந்தால் அது அலங்காரம். பிரேக் லைனிங் தேயத் தேய அந்த நேரம் கூடும், அதனால் நிற்கும் நேரத்தை அவ்வப்போது அளக்க வேண்டும்.

கீ கிளட்ச் பிரஸ் மூன்றும் வேறு ஜாதி. பெடலை மிதித்தால் ஒரு சுற்று முடிந்தே தீரும், நடுவில் நிற்காது. அதில் என்ன விலைக்கு சென்சார் மாட்டினாலும் பயன் இல்லை. டையைச் சுற்றி நிலையான கம்பி அல்லது தகட்டுத் தடுப்பு, பிளாங்க் மட்டும் நுழைகிற சந்து, அவ்வளவுதான் வழி. டைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் சந்து 6 மி.மீ-க்கு மேல் போகக் கூடாது. நேர்மையாகச் சொன்னால், நீங்கள் கேட்காத இந்த மூன்றுதான் எங்களுக்கு அதிகக் கவலை.

இன்சென்டிவையும் கவனியுங்கள். 560-ஐ வைத்து இன்சென்டிவ் கணக்குப் போட்டால், ஓனர் சொல்லாவிட்டாலும் ஆபரேட்டரே டூ-ஹேண்ட் பட்டனில் (இரண்டு கையாலும் அமுக்கினால்தான் பிரஸ் ஓடும்) ஒன்றைத் துணி கட்டி அமுக்கிவைத்துவிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை. டார்கெட்டைச் சென்சார் போட்ட எண்ணிக்கைக்கு மாற்றுங்கள்.

ஓனரிடம் பையன்கள் முன்னால் பேசாதீர்கள், டிஸ்பேட்ச் அன்றும் வேண்டாம். மாசம் பிறந்த முதல் வாரத்தில், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு: “அண்ணே, சென்சார் போட்டு இதெல்லாம் சரி பண்ணினா இவ்வளவு பீஸ் வரும். மிச்சத்துக்குப் பீஸுக்கு இத்தனை பைசா கேட்கலாம். கஸ்டமர் கிட்ட நானும் வர்றேன். ஆனா சாவியை இனிமே நான் வெச்சுக்க மாட்டேன்ணே.” 12 பேர் வேலை என்ற பேச்சு வந்தால், கஸ்டமரிடம் ஒரு தடவையாவது ரேட் கேட்டாரா என்று விசாரியுங்கள். கேட்காமலேயே ஆர்டர் போய்விடும் என்று பயப்படுவது இந்தத் தொழிலில் சகஜம். கஸ்டமர் ஆடிட்டில் பைபாஸ் பிடிபட்டாலும் ஆர்டர் போகும், அதையும் அவர் கணக்கில் சேர்க்கட்டும்.

தங்கை கல்யாணத்துக்குச் செய்த உதவிக்கு நன்றி நீங்கள் செலுத்த வேண்டிய கடன். அதை ஆபரேட்டர் கையைக் கொடுத்து அடைக்க உங்களுக்கு உரிமையில்லை.

அப்படியும் மறுத்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தவர் யார் என்று ஆய்வாளர் சொல்லக் கூடாது. ஆனால் 12 பேர் ஷாப்பில் யார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை, அதைத் தெரிந்தே இறங்குங்கள். வேறு வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டுக் கொடுப்பது கோழைத்தனம் ஆகாது.

இதெல்லாம் நடக்கும் வரை ஒரு ஏற்பாடு. ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியில் சுத்தமான காஸ் துணி, சலைன், ஜிப் கவர் இருக்கட்டும். விரல் துண்டானால் சலைனில் நனைத்த காஸில் சுற்றி, கவரில் போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது, நேரே அங்கே போங்கள். பிரஸ்ஸில் நசுங்கிய விரல் பல நேரம் ஒட்டாது என்பதையும் ஓனரிடம் சொல்லிவையுங்கள்.