பண்ணை மாறியது சரி, முட்டை ஏன் வேகவில்லை?

கேள்வி: கடை முட்டைக்காக ஹார்மோன் ஊசி போடுவதாக வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து, பக்கத்துப் பண்ணையில் நாட்டுக்கோழி முட்டை வாங்குகிறோம். அண்மையில் பூப்பெய்திய என் 13 வயது மகளுக்குத் தினமும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தேன். மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. பேதியை நிறுத்த மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். சில முட்டைகளில் ரத்தப் பொட்டு இருந்தது. மஞ்சள் கருவும் வெளிறியிருந்தது. கெட்ட முட்டையைக் கொடுத்துவிட்டேனா?

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். காய்ச்சலோடு வரும் வயிற்றுப்போக்கில், குடலின் அசைவை முடக்கும் மருந்து வெளியேற வேண்டிய கிருமியை உள்ளேயே தேக்கிவைக்கும். மூன்று நாளாகியும் காய்ச்சல் தணியாததால் அவளை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்குமுன் மலத்தில் ரத்தமோ சளியோ போகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் இங்கே அஞ்ச வேண்டிய அறிகுறி அதுதான். இந்த வயதுப் பெண் அதைக் கூச்சத்தால் மறைக்கலாம். இப்போதுதான் பூப்பெய்தியவள் என்பதால் மாதவிலக்கு என்று எண்ணிப் பேசாமலும் இருந்துவிடலாம். ஆகவே பக்கத்தில் உட்காரவைத்து, நிதானமாகக் கேளுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் துவண்டு கிடந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். அதுவரை ஒரு லிட்டர் நீருக்குரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதே அளவு காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வீட்டில் மீந்துகிடக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

இதற்கு முட்டைதான் காரணமா என்பது பரிசோதனையில்தான் தெரியும். ஆனால் சந்தேகம் பச்சை முட்டையின் மீதுதான், பண்ணையின் மீதல்ல. சால்மோனெல்லா என்னும் கிருமி நோயின் சாயலே இல்லாத கோழியின் குடலிலும் இருக்கும். எச்சத்தின் வழியே ஓட்டில் ஒட்டும். சில வேளைகளில் ஓடு உருவாகுமுன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். நாமக்கல் முட்டையானாலும் நாட்டுக்கோழி முட்டையானாலும், வெண்கருவும் மஞ்சள் கருவும் கெட்டிப்படும்வரை வேகவைத்தால் அது மாண்டுபோகும். பச்சையாகக் கொடுப்பதில் சத்தும் கூடுவதில்லை: வெந்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை ஏற்கும் நம் உடல், பச்சை முட்டையில் பாதியளவே ஏற்கிறது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தாராளமாகத் தொடரட்டும். முட்டையை மட்டும் அவித்துக் கொடுங்கள்.

மற்றவை வீண் கவலைகள். ரத்தப் பொட்டு, முட்டை உருவாகும்போது கோழியின் உடலில் சிறு ரத்தக்குழாய் வெடித்ததன் தடம். மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது. லட்சக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஹார்மோன் ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் நேரமும் இல்லை, அதில் ஆதாயமும் இல்லை.

அந்தப் பண்ணையிலேயே தொடர்ந்து வாங்குங்கள். எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவி அடுக்கிவைக்காதீர்கள், ஈர ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே இறங்கும். சமைக்கும் நேரத்தில் கழுவினால் போதும்.

மருத்துவரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.