பாட்டு நோட்டும் கொச்சியின் தோழிகளும்

அன்புள்ள அம்மா,

கொச்சி யூதப் பெண்களை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 1950-ஐ ஒட்டியது. எர்ணாகுளத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரண்டு தோழிகளின் குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போகக் காத்திருக்கின்றன. வருமானம் நின்றுபோன நாட்களில் ஒருத்தி மற்றவளின் வளையலை இரவல் வாங்கி அடகு வைக்கிறாள். மீட்க முடியவில்லை, நட்பு முறிகிறது. படித்துப் பார்த்த என் சிநேகிதி, “அவ்வளவு சிறிய சமூகத்தில் எல்லாரும் சொந்தக்காரர்கள்தானே, அங்கே தோழமை என்று தனியாக ஒன்று எதற்கு?” என்கிறாள். யூதரல்லாத நான் இதை எழுதலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. கையில் காசில்லாத காலத்தில் பெண்களின் நட்பு நிலைக்குமா, உடையுமா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

எழுதி முடிக்காத நாவலைப் பற்றி யார் கேட்டாலும் பொதுவாக நான் கருத்துச் சொல்வதில்லை. உங்களுக்குப் பதில் எழுதக் காரணம், கொச்சி யூதப் பெண்கள் பாடிய மலையாளப் பாட்டுகளின் ஒலிப்பதிவுகளை நானும் சில காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும், அவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருப்பதும்தான்.

எழுதலாமா என்ற தயக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். படித்தபின் யாரைப் பற்றியும் எழுதலாம். படிக்காதவர் தம் சொந்தத் தெருவைப் பற்றிக்கூட எழுதக்கூடாது.

உங்கள் சிநேகிதியின் பேச்சை அப்படி விட்டுவிட முடியவில்லை. சிறிய சமூகம் என்றதும் எல்லாரும் ஒரே குடும்பம் என்று நினைப்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் சோம்பல். நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கொச்சி யூதர்கள் மொத்தம் ஏறக்குறைய 2,400 பேர். மட்டாஞ்சேரியில் ஒரே தெருவில் அவர்களுக்கு மூன்று யூதப்பள்ளிகள், அதாவது வழிபாட்டுக் கூடங்கள், இருந்தன. 1568-இல் கட்டப்பட்ட பரதேசிப் பள்ளியைச் சேர்ந்த ‘வெள்ளை’ யூதர்கள், அவர்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே மலையாள மண்ணில் வாழ்ந்த ‘கறுத்த’ யூதர்களோடு மணவுறவு கொள்ளவில்லை. அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோர், அதே பரதேசிப் பள்ளிக்குள் பலகையில் அமர அனுமதியின்றி முன்னறைத் தரையில் உட்கார வைக்கப்பட்டார்கள். அதை எதிர்த்து வழக்கறிஞர் ஏ. பி. சேலம் காந்திய வழியில் பல ஆண்டுகள் போராடினார். 1950-இல் அவருடைய மகன் ஒரு வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணக்க பம்பாய் வரை போக வேண்டியிருந்தது. யாரோடு உண்பது, யாரை மணப்பது, எங்கே உட்காருவது என்று அனைத்தையும் பிறப்பு முடிவுசெய்துவிட்ட இடத்தில், பிறப்பு கொண்டுவந்து சேர்க்காத ஒருத்தியைத் தனக்கென்று தேடிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம்! உங்கள் சிநேகிதியிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்படித் தேடிக்கொண்டதற்குச் சான்று எங்கே என்று கேட்பீர்கள். பாட்டில் இருக்கிறது. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பெண்கள் கூடிப் பாடிய மலையாளப் பாட்டுகளை அவர்களே நோட்டுகளில் கையால் எழுதி வைத்திருந்தார்கள். வேதாகமக் கதைகள், மணமகளை வாழ்த்தும் பாட்டுகள், யூதப்பள்ளி எழுந்த கதை, கிளிப்பாட்டு, பின்னாளில் சீயோனுக்குத் திரும்பும் ஏக்கம் என்று எல்லாமே அவற்றில் உண்டு. பல நாடுகளின் வைதீக யூதர்களிடையே ஆண்கள் கேட்கப் பெண்கள் பாடுவதற்குத் தடை இருந்திருக்கிறது. கொச்சியில் அந்தத் தடை இல்லை. இந்த நோட்டுகளை அமெரிக்க மானுடவியலாளர் பார்பரா ஜான்சனும் மலையாள ஆய்வாளர் ஸ்கரியா சக்கரியாவும் தேடித் தொகுத்து ஒப்பிட்டபோது, ஒன்றோடொன்று மணவுறவு கொள்ளாத பள்ளிகளைச் சேர்ந்த பெண்களின் நோட்டுகளில் அதே பாட்டுகள் காணப்பட்டன. இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு தானாக நடந்து போவதில்லை. ஒருத்தி பாட வேண்டும், இன்னொருத்தி அருகில் அமர்ந்து கேட்க வேண்டும், மறந்த அடியைக் கேட்டு வாங்க வேண்டும், நோட்டை இரவல் பெற்று, எழுதி, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆண்கள் எந்தப் பலகையில் யார் அமர்வது என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த அதே தெருவில், பெண்கள் ஒருவருக்கொருவர் அடியெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் வேற்றுமை பாராட்டாத உத்தமிகள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் பாராட்டினார்கள். ஆனால் பாட்டுக்கு ஆள் வேண்டும். பாட்டு தெரிந்தவள் எந்தப் பள்ளிக்காரி என்று பார்த்தால் பாட்டு நின்றுபோகும். நட்புக்கு இருவரின் நல்ல மனம் போதும் என்று நாம் நினைக்கிறோம். போதாது என்பதே என் எண்ணம். இருவரும் சேர்ந்து செய்தே ஆக வேண்டிய ஒரு வேலை நடுவில் இருந்தால் நட்பு பஞ்சத்தையும் தாங்கும். பஸ்கா பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே அரிசியையும் மிளகையும் மல்லியையும் கல் மண் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, தனியே காத்து வைக்கும் வேலையும் அப்படிப்பட்டதுதான். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வரும் அரிசியை நம்பியிருந்த கொச்சியில் பட்டினி சூழ்ந்தபோதும் பண்டிகை வந்தது, பெண்கள் கூடினார்கள், இருந்த அரிசியைப் பொறுக்கினார்கள்.

இப்போது உங்கள் வளையலுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்: அந்த வளையலை எந்த ஊரிலும் எந்தச் சாதியிலும் எந்தத் தொலைக்காட்சித் தொடரிலும் அடகு வைக்கலாம். கொச்சிக்கென்றே நேர்ந்த துன்பம் கண்முன்னே இருக்க, அதை நீங்கள் ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். முட்டையும் கோழியும் விற்றும் சிறு கடை வைத்தும் வாழ்ந்த பல குடும்பங்கள், 1948-இல் இஸ்ரேல் உருவானதும் இன்றோ நாளையோ புறப்படுவோம் என்று வீட்டையும் கடையையும் விற்றுவிட்டன. அப்போதுதான் கொச்சி யூதர்களிடம் யானைக்கால் நோய் இருக்கிறது, அது அங்கே பரவிவிடும் என்று இஸ்ரேலின் சுகாதார அதிகாரிகள் தடுத்தார்கள். விற்ற பணம் கரைந்தது, பயணம் வரவில்லை. பெருங்கூட்டமாக அவர்கள் போக முடிந்தது 1953-க்குப் பிறகுதான். அந்தக் கிருமி இரவில்தான் இரத்தத்தில் மேலெழும் என்பதால் சோதனைக்கு இரவில் இரத்தம் எடுப்பது முறை. உங்கள் இரு தோழிகளில் ஒருத்தியின் குடும்பத்துக்கு நோயில்லை என்றும் மற்றவளின் குடும்பத்துக்கு உண்டு என்றும் சோதனை சொல்லியிருந்தால்? யாரும் யாருக்கும் துரோகம் செய்யாமலே இருவருக்கும் நடுவில் கடல் வந்துவிடுகிறது. இதை எழுதாமல் வளையலை எழுதினீர்களே!

போன இடத்திலும் செழிப்பு காத்திருக்கவில்லை. 1949 முதல் 1959 வரை இஸ்ரேலில் பங்கீட்டு அட்டைக் காலம். கடைத்தெருவிலேயே வாழ்ந்து பழகியவர்கள் பேர்ஷேபாவுக்கு அருகிலுள்ள நெவாத்தீம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனி நிலம் என்று குடியமர்த்தப்பட்டார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய யூதத் தெரு வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு, பகல் முழுவதும் வயலில் உழைத்துவிட்டு, நடந்து போய்த் தோழியைப் பார்ப்பதே ஒரு வேலையாயிற்று. பிள்ளைகள் எபிரேயம் பேசி வளர்ந்தார்கள், மலையாளப் பாட்டு மெல்ல மெல்லப் பாடப்படாமல் போயிற்று. நட்பு நிலைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு இந்த இடத்தில்தான் விடை தேட வேண்டும். எனக்குக் கிடைத்த விடை ரூபி டேனியல். தரையில் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பிரிவில் 1912-இல் மட்டாஞ்சேரியில் பிறந்து, போர்க்காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றி, 1951-இல் இஸ்ரேலின் ஒரு கிப்புட்சுக்கு, அதாவது கூட்டுப்பண்ணைக் குடியிருப்புக்கு, போய்ச் சேர்ந்தவர். முதுமையில் பார்பரா ஜான்சனின் நட்பு கிடைத்த பிறகு, பாட்டியிடம் கேட்ட கதைகளை எழுதினார், பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1995-இல் அந்த நினைவுகள் நூலாக வெளிவந்தன. கேட்க ஒரு தோழி வந்ததும் பாட்டு திரும்ப வந்துவிட்டது.

அந்த நினைவு நூலை முதலில் தேடிப் படியுங்கள். பிறகு வளையலை எடுத்துவிட்டு அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள். எர்ணாகுளத்தில் கடவும்பாகம், தெக்கும்பாகம் என்று இரண்டு பள்ளிகள் இருந்தன. உங்கள் தோழிகள் இருவரும் ஒரே பள்ளியா, வெவ்வேறா என்பதைக் கடிதத்தில் எங்கும் நீங்கள் சொல்லவில்லை. அதை முடிவுசெய்யாமல் ஒரு கல்யாண வீட்டைக்கூட உங்களால் எழுத முடியாது. முடிவுசெய்து எழுதியபின் அனுப்புங்கள், உறுதியாகப் படிக்கிறேன்.