பர்மா ஸ்டார் சொல்லும் சாட்சி

வணக்கம். தாத்தாவின் தகரப் பெட்டியில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்றும் வட்டமான வெள்ளைப் பதக்கம் ஒன்றும் இருக்கின்றன. நட்சத்திரத்தில் பர்மா என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஊரில் ‘நேதாஜி படையில இருந்தவரு’ என்கிறார்கள். அப்பாவுக்கோ பட்டாளத்தார் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. எந்தப் பட்டாலியன் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– கா., உசிலம்பட்டி

அன்புள்ள கா.,

அந்த நட்சத்திரம் ஊர்ப்பேச்சுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. பர்மா ஸ்டார் என்பது 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை அந்தப் போர்முனையில் பிரிட்டிஷ் தரப்பில் நின்றவர்களுக்குக் கொடுத்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.) யாரை எதிர்த்துப் போரிட்டதோ அந்தப் படையின் பதக்கம் அது. பசிபிக் ஸ்டார் இருந்திருந்தால் யோசித்திருக்கலாம். மலாயாவில் போரிட்டு, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் சரணடைந்தவர்களுக்கு உரியது அதுதான். அந்தப் போர்க்கைதிகளிலிருந்துதான் ஐ.என்.ஏ.வின் முதல் ஆட்கள் வந்தார்கள்.

பர்மா போய்வந்த பட்டாளத்தார் எல்லோரையும் ஐ.என்.ஏ. கணக்கில் சேர்ப்பது நம் பக்கம் பழகிப்போன ஒன்று. 1939 செப்டம்பரில் நேதாஜி மதுரைக்கு வந்ததும், முத்துராமலிங்கத் தேவரோடு அவருக்கிருந்த நெருக்கமும் அதற்கு உரம் போட்டன. ஆனால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. சுமார் 25 லட்சம் பேரும் தாமாகப் பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்கள், பலர் சம்பளத்துக்காக. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரு தரப்பிலும் இந்தியர்களே எதிரெதிரே நின்றதும் உண்டு. 1945 பிப்ரவரி நடுவில் பர்மாவின் ஐராவதி ஆற்றை நியாங்கு என்ற இடத்தில் பிரிட்டிஷ் தரப்பின் 7ஆவது இந்திய டிவிஷன் கடந்தது. எதிர்க்கரையைக் காத்தவர்களில் குர்பக்ஷ் சிங் தில்லான் தலைமையிலான ஐ.என்.ஏ.வின் நேரு ரெஜிமெண்டும் உண்டு. ஐ.என்.ஏ.வில் மலாயா தோட்டத் தமிழர்கள் கணிசமாகச் சேர்ந்திருந்தார்கள். அன்று கடக்க வந்த படகுகள் சில ஒழுகின, சிலவற்றின் இயந்திரம் நடு ஆற்றில் நின்றுபோனது. கரையிலிருந்த இயந்திரத் துப்பாக்கிகளுக்கு அவை எளிய இலக்காயின. அப்படியிருந்தும் கரை கைமாறியது, ஐ.என்.ஏ.வினர் பலர் சரணடைந்தார்கள்.

இனி உங்கள் வேலை. முதலில், பதக்கத்தைப் புளி போட்டு விளக்காதீர்கள். பொறித்த எழுத்து தேய்ந்துவிடும். வெள்ளைப் பதக்கத்தில் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம் இருந்தால் அது போர்ப் பதக்கம், 28 நாள் பணிக்கே கிடைத்தது. அதைக்கொண்டு படைப்பிரிவைச் சொல்ல முடியாது. வட்டப் பதக்கத்தின் விளிம்பையும் நட்சத்திரத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கலான எழுத்தும் தெரியும். இல்லையென்றால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் கிடைக்கலாம்.

எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போகாதீர்கள். அன்று ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனித்தனி வரிசையில் எண் கொடுத்தது. ஒரே எண்ணில் பல பேர் இருப்பார்கள். படைப்பிரிவின் சுருக்கம்தான் சாவி. மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் ஆவண அலுவலகம் நீலகிரி வெலிங்டனில். 1920களில் கலைக்கப்பட்டு 1941இல் மறுபடி உருவான ரெஜிமெண்ட் அது. அதன் முதலாம், நான்காம் பட்டாலியன்கள் பர்மாவில் போரிட்டவை. ‘எஸ் அண்டு எம்’ (சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்) என்று இருந்தால் பெரும்பாலும் மதராஸ் சாப்பர்ஸ், பெங்களூருக்கு எழுத வேண்டும். அப்படியானால் தாத்தா காலாட்படையே அல்ல, பாலமும் பாதையும் போட்டவர். இன்றும் ‘தம்பி’ என்றுதான் அந்தப் படையில் கூப்பிடுவார்கள்.

விண்ணப்பத்தில் மாவட்டம், தாலுகா எழுதும்போது கவனம். அன்று திண்டுக்கல்லும் தேனியும் மதுரை மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன, விருதுநகர் ராமநாதபுரத்தில். ஆங்கிலத்தில் ‘மதுரா’ என்றுதான் பதிந்திருப்பார்கள். தாத்தா பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் மூன்று நான்கு எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ரெக்ரூட்டிங் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியவர். மதுரை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் காட்டினால் எந்த முகவரிக்கு எப்படி எழுதுவது என்று சொல்வார்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேட வேண்டாம். அதில் இருப்பது இறந்தவர்கள் மட்டும், உங்கள் தாத்தா ஊர் திரும்பியவர். பட்டாலியன் தெரிந்த பிறகு அதன் போர் நாட்குறிப்பைத் தேடலாம். தென்கிழக்காசியப் படைகளின் நாட்குறிப்புகள் லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூ.ஓ. 172’ என்ற வரிசையில் இருக்கின்றன. அதிகாரிகளின் பெயர் அடிக்கடி வரும், சிப்பாய் பெயர் வருவது அபூர்வம். ஆனால் எந்த நாளில் பட்டாலியன் எந்த ஊரில் இருந்தது என்பது அதில் கிடைக்கும்.